பச்சை மக்காவும் குள்ள ஸ்லாத்தும்: அழிவின் விளிம்பில் இரு உயிரினங்கள்

பனாமாவின் கரீபியன் கடற்பகுதியில் அமைந்துள்ள எஸ்குடோ டி வெராகுவாஸ் தீவின் பரப்பளவு சுமார் 4 சதுர கிலோமீட்டர் மட்டுமே. 2001-ஆம் ஆண்டு தனி இனமாக வகைப்படுத்தப்பட்ட மூவிரல் குள்ள ஸ்லாத், உலகில் வேறெங்கும் இல்லை. மரத்தில் மிக மெதுவாக நகரும் இவ்விலங்கு, நீரில் நன்றாகவே நீந்தும். ஆனால், தீவின் அலையாத்தி மரங்கள் வெட்டப்பட்டால் ஒதுங்குவதற்கு அதற்கு வேறு நிலம் கிடையாது.

பெரும்பச்சை மக்காவ் கிளிக்கு அத்தகைய எல்லை இல்லை. ஹோண்டுராஸ் முதல் ஈக்வடார் வரை அது காணப்படுகிறது. எனினும், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இரண்டும் ‘மிக அருகிய இனம்’ என்ற ஒரே பிரிவில்தான் உள்ளன. கோஸ்டாரிகா, நிகரகுவா காடுகளில் இக்கிளிக்கு ‘மலை பாதாம்’ எனும் நெடுமரமே உணவும் உறைவிடமும். அதன் கொட்டைகளை உண்டு, பொந்துகளில் கூடமைக்கிறது. உறுதிமிக்க அம்மரம் வெட்டப்படுவதுடன், வளர்ப்புப் பறவை வணிகத்துக்காகக் குஞ்சுகளும் கூட்டிலிருந்தே கவரப்படுகின்றன.