ஞாயிறு நண்பகலில் ஓர் அரசியல் விசாரணை

பிரிட்டனில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தொலைக்காட்சி ஓடலாம் என்பதை 1972 வரை அரசாங்கமே முடிவுசெய்தது. 1957 பிப்ரவரி வரை மாலை ஆறிலிருந்து ஏழு வரை ஒளிபரப்பே கிடையாது. பெற்றோர் பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டுமாம். அரசியல் பேச்சுக்குத் தனிப் பூட்டு ஒன்றும் இருந்தது. நாடாளுமன்றம் அடுத்த 14 நாட்களில் விவாதிக்கவிருந்த எதையும் திரையில் அலசக் கூடாது. சூயஸ் நெருக்கடியோடு அந்த விதி செல்லாக்காசானது.

நேரக் கட்டுப்பாட்டை 1972 ஜனவரியில் நீக்கியவர் அமைச்சர் கிறிஸ்டோபர் சாட்டவே. 1955இல் வணிகத் தொலைக்காட்சியான ஐடிவியின் முதல் செய்தி அறிக்கையை வாசித்தவரும் இவரே.

1972 அக்டோபருக்குள் பகல் பொழுது களைகட்டிவிட்டது. பர்மிங்காமிலிருந்து பிபிசியின் 'பெப்பிள் மில் அட் ஒன்' வந்தது. ஐடிவியில் யார்க்‌ஷயர் பண்ணைக் குடும்பத்தின் கதையான 'எம்மர்டேல் ஃபார்ம்' தொடங்கியது. ஐடிவியைச் சேர்ந்த லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனுக்கு வார இறுதியில் மட்டுமே உரிமம். அந்த நிறுவனம் ஞாயிறு நண்பகலில் வைத்தது 'வீக்கெண்ட் வேர்ல்டு' என்ற அரசியல் நிகழ்ச்சியை.

விளம்பரதாரர்கள் பெரிதாக மதிக்காத நேரம் அது. அதுவே நிகழ்ச்சிக்கு வாய்த்த வரம். ஒரே பொருளை நிதானமாக அவிழ்த்துப் பார்க்க இடம் கிடைத்தது. முதல் நெறியாளர் பீட்டர் ஜே, 'தி டைம்ஸ்' நாளிதழின் பொருளாதார ஆசிரியர். தயாரிப்பில் இருந்த ஜான் பர்ட்டும் அவரும் 1975இல் அதே நாளிதழில் எழுதிய கட்டுரைகளில், தொலைக்காட்சிச் செய்தி பரபரப்பைக் காட்டுகிறது, பின்னணியைச் சொல்வதில்லை என்று கடிந்துகொண்டார்கள். பர்ட் பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநரானார்.

1977இல் ஜே வாஷிங்டனுக்குத் தூதராகப் போக, தொழிற்கட்சி உறுப்பினர் பிரையன் வால்டன் தன் நாடாளுமன்ற இடத்தைத் துறந்துவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தார். அமைச்சர் இப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி எது, மழுப்பினால் எது என்று ஆய்வாளர் குழு முன்கூட்டியே வழி வகுத்துவைக்கும். வால்டன் குரலை உயர்த்தாமல் ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே வருவார். ஞாயிறு அன்று வேறு செய்தி குறைவு. நண்பகலில் வாயிலிருந்து விழுந்தது திங்கட்கிழமை நாளிதழ்களின் தலைப்பாகும்.

இந்த விசாரணைப் பாணியின் உச்சம் 1989இல் வந்தது. அக்டோபர் 26 அன்று நிதியமைச்சர் நைஜல் லாசன் பதவி விலகினார். பிரதமரின் பொருளாதார ஆலோசகர் ஆலன் வால்டர்ஸுடன் அவருக்கு இருந்த பூசலே காரணம். மூன்று நாள் கழித்து பிரதமர் மார்கரெட் தாட்சர் வால்டனின் புதிய நிகழ்ச்சியில் தோன்றினார். வால்டர்ஸை விலக்கியிருந்தால் லாசன் இருந்திருப்பாரா? அதே கேள்வியை வால்டன் திரும்பத் திரும்பக் கேட்டார். தாட்சரிடமிருந்து நேரான பதில் கடைசிவரை வரவில்லை. அவரைப் பெரிதும் மதித்த ஒருவரே அவரை இப்படித் திணறவைத்ததுதான் அந்தப் பேட்டியின் கனம். நாடாளுமன்ற மக்களவைக்குள் தொலைக்காட்சிக் கேமரா நுழைந்தது அதற்குப் பிறகுதான், நவம்பர் 21 அன்று.

'வீக்கெண்ட் வேர்ல்டு' 1988இலேயே நின்றுவிட்டிருந்தது. அதே ஆண்டு பிபிசி 'ஆன் தி ரெக்கார்டு' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. டேவிட் ஃப்ராஸ்ட், ஆண்ட்ரூ மார், இப்போது லாரா கூன்ஸ்பெர்க் என்று பிபிசியின் ஞாயிறு அரசியல் காலை நேரத்துக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. விருந்தினர் வரிசை நீண்டுவிட்டதால், ஒருவரையே உட்காரவைத்து ஒரே கேள்வியின் அடிவரை போகும் அவகாசம் இந்த நிகழ்ச்சிகளில் சுருங்கிப்போனது. பார்வையாளருக்கு அது பெரிய இழப்பு.