டிரான்ஸ்ஃபார்மர் திடீரென்று போவதில்லை



கோடை இரவில் 'டமார்' என்று ஒரு சத்தம். உடனே வளாகம் முழுக்க இருட்டு. "டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு" என்று ஏதோ ஒரு மாடியிலிருந்து குரல் வரும். நமக்கு அது திடீரென்று நடந்ததாகத்தான் தோன்றும். ஆனால் பெரும்பாலான டிரான்ஸ்ஃபார்மர்கள் முன்கூட்டியே அறிகுறி காட்டிவிட்டுத்தான் பழுதாகின்றன. அந்த அறிகுறிகளைப் படிக்க மனிதர்கள் கற்றுக்கொண்ட கதைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. நம் வளாகத்துக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

இன்று நாம் காணும் டிரான்ஸ்ஃபார்மரின் முன்னோடியை 1885-இல் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் சிப்பர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி என்ற மூன்று பொறியாளர்கள் உருவாக்கினார்கள். மின்னழுத்தம் கூடக்கூட, சுருள்களைப் பிரிக்கக் காற்று மட்டும் போதவில்லை. 1891-இல் ஜெர்மனியில் லாஃபன் ஊரிலிருந்து 175 கிலோமீட்டர் தள்ளியிருந்த பிராங்பர்ட் கண்காட்சிக்கு மின்சாரம் கொண்டுபோனபோது, டிரான்ஸ்ஃபார்மர்களை எண்ணெயில் மூழ்க வைத்தார்கள். எண்ணெய் சூட்டை வெளியே கடத்தும். மின்சாரம் தாவாமலும் தடுக்கும். செம்புக் கம்பியைச் சுற்றிய காகிதமும் அதைச் சூழ்ந்த எண்ணெயும் சேர்ந்துதான் இன்றுவரை காப்பு.

எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. உள்ளே எங்காவது அளவுக்கு மீறிச் சூடானாலோ, சிறு தீப்பொறி பறந்தாலோ எண்ணெய் சிதைந்து வாயு உண்டாகும். ஜெர்மானியரான மாக்ஸ் புக்ஹோல்ஸ் 1921-இல் இதைப் பயன்படுத்திக்கொண்டார். பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் மேல் ஒரு சிறு எண்ணெய்த் தொட்டி படுத்தவாக்கில் இருக்கும். அதற்குப் போகும் குழாயில் அவர் ஒரு மிதவையைப் பொருத்தினார். வாயு மெல்லச் சேர்ந்தால் மிதவை இறங்கி மணி அடிக்கும். உள்ளே பெரிய பழுது ஏற்பட்டு எண்ணெய் வேகமாகப் பாய்ந்தால் மின்சாரமே துண்டிக்கப்படும். துணை மின்நிலையங்களில் இன்றும் 'புக்ஹோல்ஸ் ரிலே' காவல் நிற்கிறது.

சூடு காகிதத்தை என்ன செய்கிறது என்பதை 1930-இல் அமெரிக்கப் பொறியாளர் மான்சிங்கர் ஒரு கணக்காகச் சொன்னார். சுமார் 8 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் காப்புக் காகிதத்தின் ஆயுள் பாதியாகும். 24 ஆண்டு உழைக்க வேண்டியது, எப்போதும் 8 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 12 ஆண்டு. 16 டிகிரி என்றால் வெறும் 6 ஆண்டு. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். காகிதம் ஒருமுறை அப்பளம்போல் நொறுங்கத் தொடங்கிவிட்டால் மீட்க வழியில்லை.

பிறகு எண்ணெய் மாதிரியை எடுத்து, அதில் கரைந்திருக்கும் வாயுக்களை ஆய்வகத்தில் அளக்கும் முறை வந்தது. நமக்கு ரத்தப் பரிசோதனை எப்படியோ, டிரான்ஸ்ஃபார்மருக்கு இது அப்படி. கனடாவின் மிஷேல் டுவல் 1974-இல் மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் ஆகிய மூன்றின் விகிதத்தை ஒரு முக்கோணத்தில் குறித்து, பழுது எந்த வகை என்று சொல்லும் வழியைத் தந்தார். எத்திலீன் ஓங்கினால் கடும் சூடு. அசிட்டிலீன் ஓங்கினால் உள்ளே மின்பொறி.

இந்தக் காவல்களெல்லாம் பெரும்பாலும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்குத்தான். தெருவிலும் வளாகத்திலும் நிற்கும் சிறியவற்றில் பொதுவாக புக்ஹோல்ஸ் ரிலே இருப்பதில்லை. அடிக்கடி வாயுப் பரிசோதனையும் நடப்பதில்லை. அங்கே மிதவையின் வேலையை நம் கண்ணும் காதும்தான் செய்ய வேண்டும்.

வேலிக்கு வெளியே நின்றபடியே பாருங்கள். உள்ளே கை நீட்டவே வேண்டாம். தொட்டியின் அடியிலோ தரையிலோ புதிதாக எண்ணெய்க் கசிவு தெரிகிறதா? 'பிரீதர்' எனப்படும் கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிவிட்டனவா? அப்படியானால் அவை ஈரத்தை உறிஞ்சி நிரம்பிவிட்டன. இனி மழைக்காலக் காற்றின் ஈரம் நேரே எண்ணெய்க்குப் போகும். சில இடங்களில் ஆரஞ்சு நிற மணிகள் பச்சையாக மாறும். வழக்கமான 'உம்' ஒலியோடு 'சடசட' சத்தம் சேர்ந்திருக்கிறதா? இவற்றில் எதைக் கண்டாலும் நாளைக்கு என்று தள்ளாமல் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். மின்வாரியத்திடம் புகாரைப் பதிவு செய்வது அவர்கள் பொறுப்பு.

வீட்டுக்குள்ளும் நமக்கு வேலை உண்டு. ஒரு ஃபேஸ் போனதும் எல்லா வீட்டிலும் சுவிட்சைத் திருப்பி அடுத்த ஃபேஸுக்கு மாறுகிறோம். மூன்று ஃபேஸ் சுமந்ததை இரண்டு சுமக்கிறது. அந்த நேரத்தில் ஏசியையும் கீசரையும் நிறுத்தி வைத்தாலே பெரிய உதவி. மின்சார கார் வைத்திருப்பவர்கள், எல்லா ஏசியும் ஓடும் இரவு பத்து மணிக்குச் சார்ஜ் போடாமல் பின்னிரவுக்குத் தள்ளி வைக்கலாம். வேலியோரம் குப்பையும் சருகும் சேர விடாதீர்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய எண்ணெய்.

டிரான்ஸ்ஃபார்மர் போனால் நின்றுபோவது மின்விசிறி மட்டுமல்ல. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வீட்டில் ஆக்ஸிஜன் கருவியோடு இருக்கும் பெரியவரின் மூச்சு எல்லாமே அதை நம்பித்தான் ஓடுகின்றன. கோடை தொடங்குமுன் உங்கள் பிளாக்கில் இருவர் பொறுப்பெடுத்து வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். பெயர் கொடுக்க விரும்புவோர் சங்க அலுவலகத்தில் சொல்லலாம்.