துருக்கித் தொப்பியும் செனரத் மன்னனும்

பாடசாலை நாடகங்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிற ஆசிரியர் நான். செனரத் மன்னன் நாடகம் என்றால் உடனே கேட்பது குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பியைத்தான்.

1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் 4,000 பேரை அம்மன்னன் மட்டக்களப்பில் குடியேற்றியதாகப் பாதிரியார் குவேறோஸ் எழுதியிருக்கிறார். உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அந்தத் தொப்பியை அரச ஊழியர்க்குக் கட்டாயமாக்கியதோ 1829இல். இடையில் இருநூறு வருடம்!

இலங்கையில் அத்தொப்பிக்கென்று தனி வரலாறு உண்டு. 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அதை அணிந்து வாதாட உயர் நீதிமன்றம் தடுத்தது. அவ்வருடம் டிசம்பர் 31இல் முஸ்லிம்கள் மருதானையில் திரண்டு எதிர்த்தார்கள். அத்தொப்பியை 1626க்குக் கொண்டுபோனால் இரண்டு வரலாறும் குழம்பிப்போகும்.

அப்ப என்னத்த உடுத்துவது? 1626இல் ஆலைத்துணி இல்லை. நூற்றதும் நெய்ததும் கையால்தான். ஆகவே மருதமுனைக் கைத்தறியில் நெய்த பருத்தித் துணியை எடுக்கிறேன். இடுப்புக்கு ஒரு துண்டு, தலைக்கட்டுக்கு ஒரு துண்டு. பட்டனும் இல்லை, மெஷின் தையலும் இல்லை.

“இந்த உடுப்பு உங்களுக்கு எப்ப வந்தது?” என்று எங்கட பிள்ளைகளிடம் பிறர் கேட்கிற காலம் இது. ஒவ்வொரு உடுப்புக்கும் அதன் வருடத்தைச் சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாடக மேடை அதற்கு நல்ல வகுப்பறை.