வாபிள் பாஸ் உருவான வரலாறு

வாபிள் பாஸ் என்பது மின்னணு இசையில் பயன்படும் ஒரு தாழ்ஒலி வகையாகும். நீண்டு ஒலிக்கும் ஒரே சுரம், தாளத்துக்கேற்ப மூடியும் திறந்தும் அலைவதுபோல் இதில் கேட்கும். 2000களின் தொடக்கத்தில் தென் லண்டனில், குறிப்பாகக் குரோய்டன் பகுதியில், உருவான டப்ஸ்டெப் இசையின் அடையாளமாக இது அறியப்படுகிறது.

அலைவது சுருதி என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் மாறுவது ஒலியின் நிறமே. சுருதியை மாற்றாமல் ஒரே மூச்சில் 'ஊ-ஆ-ஊ-ஆ' என்று சொல்லிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். உதடு குவியும்போது ஒலியின் மேலதிர்வுகள் அடங்குகின்றன. வாய் திறக்கும்போது அவை வெளிவருகின்றன. சின்தசைசரில் உதடுகளின் வேலையைச் செய்வது தாழ்ஒலிகளை மட்டும் விடும் வடிப்பான். அதைத் திறந்து மூடும் கை, எல்.எஃப்.ஓ. எனப்படும் மெதுவான அலையியற்றி. நொடிக்குச் சில முறையே அதிர்வதால் இந்த அலை காதில் விழாது. அது இன்னொன்றை ஆட்டுவதற்காகவே இருக்கிறது.

இக்கருவி டப்ஸ்டெப்புக்கு வெகுகாலம் மூத்தது. ராபர்ட் மூக் 1964இல் அறிமுகப்படுத்திய சின்தசைசர், ஒரு பகுதியின் மின்னழுத்தத்தால் மற்றொன்றை இயக்கும் முறையில் அமைந்தது. 1970இல் வந்த மினிமூக்கின் மூன்றாவது அலையியற்றியை இந்த மெதுவான வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர இசைக்குழு ஒன்று 'எல்.எஃப்.ஓ.' என்றே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. ஆகவே குரோய்டன் இளைஞர்கள் புதுக் கருவி எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அவர்களுக்கு வாய்த்தது அதற்கேற்ற இடமும் தாளமும்.

இடம் என்பதன் வேர் ஜமைக்காவில் உள்ளது. அங்கே தெருவில் பெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டு ஒலிக்கும் 'சவுண்ட் சிஸ்டம்' மரபும், 1970களில் கிங் டப்பி போன்றோர் பாடலிலிருந்து குரலை நீக்கி முரசையும் பாஸையும் முன்னே நிறுத்திய 'டப்' இசையும், குடியேறியவர்களுடன் பிரிட்டனுக்கு வந்தன. குரோய்டனில் பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றி ஹாட்சா, ஸ்க்ரீம், பெங்கா ஆகியோர் கூடினர். ஸ்க்ரீமும் பெங்காவும் பதின்ம வயதிலேயே ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற எளிய மென்பொருளில் இசையமைத்தவர்கள்.

தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 அடி. ஆனால் அழுத்தமான முரசடி மூன்றாம் அடியில்தான் விழும்; ஆகவே 70 அடிபோல நிதானமாகத் தோன்றும். இடையிலுள்ள வெற்றிடத்தை வாபிள் நிரப்புகிறது. 140 அடி வேகத்தில் அடிக்கு ஒருமுறை வடிப்பான் திறந்தால் நொடிக்கு 2.33 அலைவு, இருமுறை என்றால் 4.67, மும்முறை என்றால் 7. ஒரே சுரத்துக்குள் இந்த வேகங்களை மாற்றி மாற்றி அமைப்பதில்தான் இசையமைப்பாளரின் தாள ஞானம் தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள 'சப் பாஸ்' பெரும்பாலும் தூய சைன் அலையால் ஆனது. அதில் மேலதிர்வுகளே இல்லை. வடிகட்ட ஒன்றும் இல்லாதபோது வடிப்பான் அதன் உரப்பை மட்டுமே கூட்டிக் குறைக்கும். எனவே பாஸை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அடியில் அலைவில்லாத சைன் அலை. மேலே மேலதிர்வுகள் நிறைந்த ரம்பப்பல் அலையோ சதுர அலையோ வாபிளுடன் இருக்கும். மேலடுக்கின் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான பகுதியை வெட்டிவிட வேண்டும். இல்லையேல் இரண்டின் தாழ்ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்க நேரும். சப் பாஸ் இடம், வலம் என்று பிரியாமல் நடுவில் ஒற்றை ஒலியாகவே இருக்கும். இசைத்தட்டில் இரு பக்கமும் மாறுபட்ட தாழ்ஒலி இருந்தால் ஊசி துள்ளிவிடும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர். அதைச் சிறு பெட்டிகளால் தர இயலாது. 2001இல் தொடங்கி, பின்னர் பிளாஸ்டிக் பீப்பிள் என்ற நிலவறை அரங்குக்கு மாறிய 'ஃபார்வர்ட்' இரவுகளிலும், 2005இல் மாலா, கோக்கி, லோஃபா முதலியோர் பிரிக்ஸ்டனில் தொடங்கிய 'டி.எம்.ஸி.' இரவுகளிலும் கூடியவர்கள் அந்த ஒலியை மார்பில் உணர்ந்தனர். 2006 சனவரியில் மேரி ஆன் ஹாப்ஸ் பிபிசி வானொலியில் நடத்திய சிறப்பு நிகழ்ச்சி புதிய கேட்பவர்களைச் சேர்த்தது. அதன்பின் வந்த முதலாம் ஆண்டு நிறைவு இரவில் டி.எம்.ஸி. மேல்தளத்தின் பெரிய கூடத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

புதிதாக வந்தவர்களில் பலர் மடிக்கணினியிலும் கைபேசியிலும் கேட்டவர்கள். அவற்றில் சப் பாஸ் ஒலிக்காது. மேலடுக்கு மட்டுமே கேட்கும். மேலடுக்கு மேலும் மேலும் உரத்தது. இதற்கு அமெரிக்கரான ஸ்க்ரிலெக்ஸைக் குறை கூறுவது வழக்கம். 2012இல் அவர் மூன்று கிராமி விருதுகள் பெற்றதும், இவ்வகை இசைக்கு 'ப்ரோஸ்டெப்' என்ற ஏளனப் பெயர் பரவியதும் உண்மை. ஆயினும் முழுப் பழியையும் அவர்மேல் போடுவது நியாயமன்று. டி.எம்.ஸி.யைச் சேர்ந்த கோக்கியே 2007இல் 'ஸ்பாஞ்ச்பாப்' என்ற படைப்பில் நடு அதிர்வெண்களைக் கரகரப்பாக முன்னே தள்ளியிருந்தார்.

சிறு ஒலிபெருக்கிகளுக்காக இசையமைப்பாளர்கள் இன்று சைன் அலையைச் சற்றே சிதைத்து மேலதிர்வுகளைச் சேர்க்கின்றனர். 100, 150, 200 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து கேட்டால், இல்லாத 50 ஹெர்ட்ஸ் சுருதியை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். சுரம் விளங்கிவிடும், உடலில் அதிர்வு மட்டும் இராது. மாலா 2006இல் தொடங்கிய டீப் மெடி மியூசிக் நிறுவனம், பெரிய ஒலிபெருக்கிகளை எண்ணி அமைத்த இசையைத் தொடர்ந்து இசைத்தட்டுகளாக வெளியிட்டு வந்தது.