இயக்கவியல் பாகுநிலை அலகு மாற்றத்தின் வரலாறு

ஒரு பாய்மத்தின் பாகுநிலையை அதன் அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது இயக்கவியல் பாகுநிலை. இதன் பன்னாட்டு அலகு சதுர மீட்டர்/வினாடி. சென்டிமீட்டர்-கிராம்-வினாடி முறையில் இதன் அலகு ஸ்டோக்ஸ். ஒரு ஸ்டோக்ஸ் என்பது 1 சதுர சென்டிமீட்டர்/வினாடி, அதாவது 0.0001 சதுர மீட்டர்/வினாடி. அதில் நூறில் ஒரு பங்கான சென்டிஸ்டோக்ஸ், 1 சதுர மில்லிமீட்டர்/வினாடிக்குச் சமம். இவற்றுக்கிடையே மாற்றப் புள்ளியை நகர்த்தினால் போதும்.

பழைய இயந்திரக் கையேடுகளில் வேறு அலகுகளும் உள்ளன: சேபோல்ட் வினாடி, ரெட்வுட் வினாடி, எங்லர் டிகிரி. இவற்றை ஒரே எண்ணால் பெருக்கிச் சென்டிஸ்டோக்ஸாக மாற்ற இயலாது. அதற்கான காரணம் இவை பிறந்த விதத்தில் உள்ளது.

பெயர் தந்த இருவர்

பிரெஞ்சு மருத்துவர் ழான் புவாசேய் (1797–1869), இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளும் நோக்கில் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீர்மங்கள் பாய்வதை ஆராய்ந்தார். அவர் நினைவாகப் பாகுநிலையின் அலகுக்கு 'பாய்ஸ்' என்ற பெயரை 1913இல் டீலியும் பாரும் முன்மொழிந்தனர். இயக்கவியல் பாகுநிலையின் அலகு, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் காப்ரியேல் ஸ்டோக்ஸின் (1819–1903) பெயரைத் தாங்கியது. பாய்மங்களின் உள் உராய்வைப் பற்றி அவர் 1845இலேயே எழுதியிருந்தார்.

கிண்ணமும் கடிகாரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரங்களுக்கு இட்ட விலங்குக் கொழுப்புக்கும் தாவர எண்ணெய்க்கும் பதிலாகப் பெட்ரோலிய உயவு எண்ணெய்கள் வந்தன. வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய எளிய சோதனை தேவைப்பட்டது. அடியில் சிறு துளையுள்ள கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றிக் குறித்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, குறித்த அளவு வடிய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தார்கள்.

ஜெர்மனியில் கார்ல் எங்லர் 200 மில்லிலிட்டர் எண்ணெய் வடியும் நேரத்தை, 20 டிகிரி செல்சியஸில் அதே அளவு நீர் வடியும் நேரத்தால் வகுத்தார். அந்த விகிதமே எங்லர் டிகிரி. பிரிட்டனில் பவர்டன் ரெட்வுட் 50 மில்லிலிட்டரையும், அமெரிக்காவில் ஜார்ஜ் சேபோல்ட் 60 மில்லிலிட்டரையும் எடுத்துக்கொண்டு வினாடிகளையே அளவாகக் கூறினர். கருவிகளின் துளையும் வேறு, சோதனை வெப்பநிலையும் வேறு. எனவே ஒரே எண்ணெய்க்கு மூன்று நாடுகளில் மூன்று எண்கள் வழங்கின.

கழித்தல் குறி சொல்வது

இக்கருவிகளில் நீர்மம் தன் எடையாலேயே வடிகிறது. அடர்த்தி கூடினால் தள்ளும் விசையும் கூடும். ஆகவே வடியும் நேரம் பாகுநிலையை மட்டுமன்றி, பாகுநிலைக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தைச் சார்ந்துள்ளது. கிண்ணமும் கடிகாரமும் இயக்கவியல் பாகுநிலையோடு தொடர்புபட்டது இவ்வாறுதான்.

ஆனால் துளை குட்டையானது. பாகுநிலையே இல்லாத நீர்மமாக இருந்தாலும் கிண்ணம் உடனே காலியாகிவிடாது. அசையாமல் நிற்கும் நீர்மம் வேகம் பெற்று வெளியேறவே சிறிது நேரம் வேண்டும். அந்த நேரம் உராய்வால் வந்ததன்று, அதைக் கழிக்க வேண்டும். இதனால் வழக்கமான மாற்று வாய்பாடுகள் இரண்டு உறுப்புகள் கொண்டவை. நேரம் 100 வினாடிக்குக் குறைவாக இருக்கும்போது:

சேபோல்ட்: சென்டிஸ்டோக்ஸ் = 0.226 × நேரம் − 195 ÷ நேரம்
ரெட்வுட் 1: சென்டிஸ்டோக்ஸ் = 0.260 × நேரம் − 179 ÷ நேரம்

100 வினாடிக்கு மேல்:

சேபோல்ட்: சென்டிஸ்டோக்ஸ் = 0.220 × நேரம் − 135 ÷ நேரம்
ரெட்வுட் 1: சென்டிஸ்டோக்ஸ் = 0.247 × நேரம் − 50 ÷ நேரம்

ரெட்வுட் கருவியில் 40 வினாடி என்பது ஏறத்தாழ 5.9 சென்டிஸ்டோக்ஸ், 80 வினாடி என்பது 18.6. நேரம் இரு மடங்கானபோது பாகுநிலை மும்மடங்குக்கு மேல் ஆகிறது. தடித்த எண்ணெய்களில் இரண்டாம் உறுப்பு மிகச் சிறிதாகிவிடும். அங்கு மட்டுமே எளிய பெருக்கல் ஓரளவு பொருந்தும்.

அலகைக் கவனிக்காவிட்டால் விளைவு பெரிது. 46 சென்டிஸ்டோக்ஸ் எண்ணெய், சேபோல்ட் கருவியில் ஏறத்தாழ 212 வினாடியும் ரெட்வுட்டில் 187 வினாடியும் எடுக்கும். எங்லர் அளவில் 6 டிகிரியை ஒட்டி வரும். '46' என்பதைச் சேபோல்ட் வினாடி என்று எடுத்துக்கொண்டால் கிடைப்பது வெறும் 6.2 சென்டிஸ்டோக்ஸ் எண்ணெய். ஏழில் ஒரு பங்கு பாகுநிலையே உள்ள அந்த எண்ணெய்ப் படலம் கிழிந்தால், தாங்கியில் உலோகம் உலோகத்தோடு உரசும்.

ஒரே அளவை நோக்கி

நீண்ட நுண்புழைக் குழாய் கொண்ட கண்ணாடிப் பாகுநிலைமானிகள் இச்சிக்கலைக் குறைத்தன. அவற்றில் பெரும்பகுதி நேரம் உராய்வாலேயே ஆவதால், வினாடியைக் கருவியின் மாறிலியால் பெருக்கினாலே சென்டிஸ்டோக்ஸ் கிடைக்கும். அந்த மாறிலிகளுக்கு அடிப்படை நீர். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ஸ்விண்டல்ஸ், கோ, காட்ஃப்ரி ஆகியோர் நீண்டகால அளவீட்டின் முடிவை 1952இல் வெளியிட்டனர்: 20 டிகிரி செல்சியஸில் நீரின் பாகுநிலை 1.002 சென்டிபாய்ஸ்.

1960இல் பன்னாட்டு அலகு முறை ஏற்கப்பட்டது. 1975இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3448 தரநிலை, தொழிலக எண்ணெய்களை 40 டிகிரி செல்சியஸில் அவற்றின் இயக்கவியல் பாகுநிலையைக் கொண்டே வகைப்படுத்தியது. 'வி.ஜி. 46' என்ற குறி, அவ்வெப்பநிலையில் சதுர மில்லிமீட்டர்/வினாடியில் 46ஐ நடுவாகக் கொண்டு 10 சதவீதம் வரை கூடவோ குறையவோ உள்ள எண்ணெயைக் குறிக்கும்.

தமிழ்நாட்டுப் பொறியியல், பல்தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வகங்களில் ரெட்வுட் கருவி இன்றும் உள்ளது. அதில் கிடைக்கும் வினாடியை மாற்றும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: எந்தக் கருவி, எந்த வெப்பநிலை, நேரம் வாய்பாட்டின் எந்த எல்லைக்குள் வருகிறது. இம்மூன்றும் தெரியாத வினாடி வெறும் நேரமே. அதைப் பாகுநிலையாக மாற்ற முடியாது.