பூதத்தின் வழக்கு

பேய்க்கதையும் பூதக்கதையும் வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் நம்மிடையே பலர். ஆயின், ஒரு காலத்து வாசகர் எதைக் கண்டு அஞ்சினர் என்பதும் வரலாறே.

1816ஆம் ஆண்டுக் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில், பதினெட்டு வயதினரான மேரி ஷெல்லி 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதத் தொடங்கினார். அங்கு கூடியிருந்தோரை ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுமாறு தூண்டியவர் கவிஞர் பைரன். 1812இல், பின்னல் இயந்திரங்களை உடைத்த தொழிலாளருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசியவரும் அவரே.

நாவல் 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதில் வரும் பூதம் பேசக் கற்கிறது. மில்டனின் காவியத்தைப் படிக்கிறது. தன்னைப் படைத்துக் கைவிட்டவனிடம் நியாயம் கேட்கிறது. 1823இல் இலண்டனில் மேடையேறிய நாடகமோ அதனை ஊமையாக்கிற்று.

மறு ஆண்டு, வெளிநாட்டமைச்சர் ஜோர்ஜ் கனிங், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கு உடனடி விடுதலை கூடாதெனப் பாராளுமன்றத்தில் வாதிட்டபோது, இப்பூதத்தையே உவமை காட்டினார். உடல் வலிமை மிகுந்தும் அறிவு முதிராதோர் அவர்கள் என்பது அவர் கருத்து. நூலிலுள்ள பூதத்தின் அறிவு அவ்வாதத்திற்கு உதவாது. ஊமைப் பூதமே உதவும். அடிமை ஒழிப்புச் சட்டம் 1833 வரை காத்திருந்தது.

அடக்கப்பட்டோரின் குரலை நீக்கிவிட்டால் எஞ்சுவது அச்சம் மாத்திரமே. ஆகவே, இந்நாவலைக் கையிலெடுக்கும் மாணவருக்கு, பூதம் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கும் அத்தியாயங்களை நாம் முதலிற் காட்டுவோம்.