பாயில் ஓர் இடம்

மாற்றுத்திறனுடன் பிறந்த குழந்தைக்கு என்ன உதவி வேண்டும் என்பதைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நெடுங்காலம் வீடுதான் முடிவு செய்தது. தாய் பாவு வேலைக்கோ காட்டு வேலைக்கோ போனால் குழந்தை பாட்டியின் இடுப்பில் இருக்கும்; பாட்டிக்கு முடியாத நாளில் திண்ணையில் கிடக்கும். அரசு உதவி வந்து சேர்ந்தபோது அது இளம்பிள்ளை வாதத்தை, அதாவது போலியோவை, மனத்தில் வைத்தே வந்தது. கான்பூரில் 1972இல் மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகள் செய்யும் அலிம்கோ நிறுவனம் தொடங்கியது. அதுபோன்ற இடங்களில் செய்த கருவிகளை முகாம்கள் வழியே இலவசமாகவோ குறைந்த விலையிலோ கொடுக்க 1981இல் மத்திய அரசின் திட்டம் வந்தது. முகாமுக்குத் தூக்கி வந்த குழந்தைக்குக் காலை அளந்து காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி கொடுத்தார்கள். அந்தக் குழந்தை யாரோடு விளையாடுகிறது என்று கேட்பது முகாமின் வேலையாக இல்லை.

கேட்டிருக்க வேண்டும். 1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் கிராமத்துச் சிறுபிள்ளைகளைப் பால்வாடியில் தினமும் ஒன்றுசேர்த்தது. அங்கே பாட்டும் சோறும் தரையில், பாயில்தான். தொடையிலிருந்து பாதம் வரை நீளும் காலிப்பரில் முட்டிக்கு ஒரு வளையப் பூட்டு உண்டு. நிற்கும்போது அது விழுந்து காலை விறைப்பாக நிறுத்தும். உட்கார வேண்டுமானால் விரலால் மேலே இழுத்துவிட வேண்டும். இழுத்துவிட்டாலும் இரும்புக் கம்பியோடு சம்மணம் போடுவது கடினம். வட்டத்தில் எல்லாரும் காலை மடக்கி உட்கார, காலிப்பர் போட்ட பிள்ளை சுவரோரம் காலை நீட்டிக்கொண்டிருக்கும். நடக்க உதவிய கருவியே கூடி உட்காரத் தடையானது.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, உதவி பெற 40 சதவீதக் குறைபாடு என்ற எல்லையை வகுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை 21 ஆக்கியது. 40 சதவீதம் அப்படியே இருக்கிறது. தசையின் பலத்தையும் செவியின் டெசிபலையும் அளக்கும் அந்தக் கணக்கு, மூன்று வயதுப் பிள்ளையின் ஒரு நாளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இதற்கிடையே 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. 2010இல் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டது. போலியோ தமிழ்நாட்டை விட்டுப் போனது. மூளை முடக்குவாதம், செவித்திறன் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவை முன்னுக்கு வந்தன. பழைய முகாமின் பெட்டியில் இவற்றுக்கு அதிகம் இல்லை.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பகுதியில் இந்தப் போதாமை தெளிவாகத் தெரியும். காதுக்கருவி பேச்சோடு சுற்றியுள்ள சத்தத்தையும் பெருக்கிக் கொடுக்கும். தறி ஓடும் வீட்டில் அதை மாட்டிய பிள்ளை பிடுங்கி எறிவது பிடிவாதத்தால் அல்ல. காது கேளாத ஆறு வயதுக்குட்பட்டோருக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. அதன் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தறிக்கூலி போகும் நாள். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத சிறுபிள்ளைகளின் பயிற்சியில் தாய்மாரையும் சேர்த்தது. அந்த முறை தறிக்காரக் குடும்பத்துக்கு எட்ட வேண்டுமானால் பயிற்சியே அவர்கள் ஊருக்கு வர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட இயலாமை பற்றிய வகைப்பாடு, உடலின் நிலையையும் சமூகப் பங்கேற்பையும் தனித்தனியாகப் பார்த்தது. குழந்தைகளுக்கான அதன் வடிவம் 2007இல் வந்தது. இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். குறை கண்ட பிள்ளையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். முகாமுக்குப் பிள்ளை போனது மாறி, பிள்ளை இருக்கும் இடத்துக்குக் குழு வந்தது பெரிய மாற்றம்தான்.

ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய தவறு திரும்பும். மூளை முடக்குவாதப் பிள்ளைக்குக் கொடுக்கும் உயரமான சிறப்பு நாற்காலி முதுகை நேராக வைக்கும். கூடவே மற்றப் பிள்ளைகளின் தலைக்கு மேலே ஏற்றியும் வைக்கும். தரையோடு ஒட்டிய மூலை இருக்கை முதுகையும் தாங்கும், பக்கத்துப் பிள்ளையின் கையிலிருந்து சொப்பை வாங்கவும் விடும். பால்வாடிக்கு இதுவே சரியானது.

2023 நவம்பர் 28இல் மத்திய அரசு வெளியிட்ட, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை மூன்று படிகளைச் சொல்கிறது: குறையை முன்கூட்டியே கண்டறிவது, பிள்ளையைக் கூட்டத்தில் சேர்த்துக் குடும்பத்துக்குத் துணை நிற்பது, உரிய இடத்துக்கு அனுப்புவது. முதல் படியில் குறையின் அறிகுறியைக் கவனிப்பது அங்கன்வாடிப் பணியாளர்; மூன்றாவது மருத்துவரைச் சார்ந்தது. நடுப்படியை ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் தினமும் பாயில் உட்கார்ந்து செய்கிறார்கள். எந்தக் கருவி கொடுப்பது என்று முடிவெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.